பிஸ்கட் டின்னில் ஒரு பங்க் பேண்ட்: எதை முதலில் காப்பாற்றுவது?

டின்னைத் திறந்து வைத்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, “இதுக்கெல்லாம் யாரு காசு போடப் போறா?” என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி நாலைந்து மாதம் அலைந்தேன். இதே மாதிரி ஒரு டின் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பதுளையிலோ வேறு யார் வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும். அவர்களுக்காக, எங்களுக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் விட்டோம் என்று எழுதி வைக்கிறேன்.

டின்னுக்குள் இருந்தவை: உள்ளங்கை அளவில் மூன்று சூப்பர் 8 பிலிம் (வீட்டில் படம் பிடிக்க வந்த 8 மில்லிமீட்டர் பிலிம்) சுருள்கள், ஒரு வீஎச்எஸ் கசெட், ஒரு ஓடியோ கசெட். அவ்வளவுதான். 1984 முதல் 1988 வரை டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாமாவும் மூன்று கூட்டாளிகளும் நடத்திய பேண்டுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் சாட்சி இந்த ஐந்து உருப்படிகள் மட்டுமே.

பங்க் என்ற சொல்லை அவர்கள் மேடையில் சொன்னதே இல்லையாம். ஊரார் வைத்த பெயர் ‘கத்துற கோஷ்டி’. லண்டனுக்குப் போன ஒருவரின் அண்ணன் அனுப்பிய கசெட்டுகளில் ரமோன்ஸ், கிளாஷ் என்ற பங்க் பேண்டுகள் இருந்தன. கிட்டாரில் மூன்று கோர்ட் பிடிக்கத் தெரிந்தால் போதும், குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, கோபம் இருந்தால் சரி என்ற விதி இவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. தோட்டத்தில் கோபத்துக்குப் பஞ்சமா? பேர்போன அவர்களுடைய பாட்டு முழுக்க ஒரே சொல்: ‘அரைப் பேரு’. கொழுந்து குறைந்த நாளில் செக்ரோலில், அதாவது பேர்ப் பதிவேட்டில், அரை நாள் சம்பளம் மட்டும் விழுமே, அந்த அரைப் பேரு. ட்ரம்ஸ் செட் பாதிதான் கையில் இருந்தது. மீதிக்குத் தப்பு மேளம்.

படம் பிடித்தவர் ஸ்டோர் டீமேக்கர் ஐயா, தோட்டத்துத் தேயிலை ஆலையில் தேயிலை தயாரிப்பைப் பார்த்தவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கெமரா. கோடாக்குரோம் 40 என்ற மெதுவான பிலிம் அது, வெளிச்சம் தாராளமாக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பகலில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் திறந்த பக்கத்தில் நால்வரையும் நிறுத்தி எடுத்திருக்கிறார். எடுத்த பிலிமை மஞ்சள் உறையில் போட்டு இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் இருந்த கோடாக் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, தீவாளி அட்வான்சுக்குக் காத்திருப்பதுபோல் எல்லோரும் காத்திருந்தார்களாம்.

ஒரு சூப்பர் 8 சுருள் 50 அடி. விநாடிக்கு 18 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓடினால் 3 நிமிடம் 20 விநாடி. மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டால், மன்செஸ்டரைப் பாருங்கள் என்பேன். 1976 ஜூன் 4ஆம் திகதி அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பேண்ட் வாசித்த நிகழ்ச்சியில் சுமார் நாற்பது பேர்தான் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் பிறகு தாங்களே பேண்ட் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லும் அளவுக்கு அந்த இரவு பேர்பெற்றது. அதற்கு மிஞ்சியிருப்பதும் சத்தமில்லாத சில நிமிட சூப்பர் 8 பிலிம்தான். மறு வருடம் லண்டன் ரொக்சி கிளப்பில் இசைத்தட்டு போட்ட டொன் லெட்ஸ் ஒரு சூப்பர் 8 கெமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்திராவிட்டால் அங்கே நடந்ததும் வாய்க்கதையாகப் போயிருக்கும். நம் பக்கத்தில் 2001இல் கண்டியில் பரனாய்ட் எர்த்லிங் என்ற ரொக் பேண்ட் தொடங்கிய காலத்துக்குள் டிஜிட்டல் வந்துவிட்டது. அதற்கு முந்திய சத்தங்களுக்கெல்லாம் டின்தான் கதி.

முதலில் மூக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் கையில் இருப்பது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் தலைகீழாகச் செய்தேன். முதல் மாதம் முழுக்க ஸ்கேனர் விலை பார்ப்பதிலேயே போயிற்று. பிலிமை முகர்ந்து பார்க்க வேண்டும் என்பதே பிறகுதான் தெரிந்தது.

பிலிமின் அடித்தளம் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல உடைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம், ஆகவே கெட்டுப்போகும் பிலிம் அச்சாறு மாதிரி மணக்கும். வெளியே வந்த அமிலமே மேற்கொண்டு உடைவை விரைவுபடுத்தும். அதனால் காற்றுப் புகாத டின்னுக்குள் ஒரு சுருள் கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இந்தத் துறையில் பெரிய பெயரான அமெரிக்காவின் ரொசெஸ்டர் படிம நிலைப்பு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: 21 பாகை வெப்பம், 50 வீத ஈரப்பதம் என்ற நிலையில் புதுப் பிலிம் ஏறத்தாழ 40 வருடம் தாங்கும், அதன் பிறகு கெடத் தொடங்கும். 1984உடன் நாற்பதைக் கூட்டிப் பாருங்கள். குளிர் நமக்குச் சாதகம், நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். ஆனால் மே தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டனில் காயப்போட்ட துணியே மூன்று நாள் காயாமல் கிடக்கும் ஊரில் 50 வீத ஈரப்பதத்துக்கு எங்கே போவது?

எங்கள் டின்னைக் காப்பாற்றியது அம்மாயியின் அடுப்பு. விறகடுப்புக்கு மேலே பரணில் இருந்ததால் பூஞ்சணம் பிடிக்கவில்லை. அதே சூடு பிலிமுக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. இரண்டு சுருளில் வாசனை இல்லை. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதும் இலேசான அச்சாறு.

கேடு வந்து சேர்ந்ததும் அந்தச் சுருளுக்கா என்று நொந்துகொண்டேன். ஏனென்றால் அது மட்டும்தான் சத்தத்தோடு எடுத்தது. கோடாக் 1973இல் கொண்டுவந்த ஒலி சூப்பர் 8 வகை, பிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய காந்தப் பட்டை ஓடும். அந்தப் பட்டையில் உள்ள இரும்பு ஒக்சைட் அசிட்டேட்டின் உடைவைத் துரிதப்படுத்தும் என்று பிறகு படித்தேன். அப்படியானால் இது தற்செயல் இல்லை. உங்கள் டின்னிலும் பழுப்புக் கோடு ஓடும் சுருள் இருந்தால் அதையே முதலில் முகர்ந்து பாருங்கள். மூக்கை நம்பாதவர்களுக்கு ஏ-டி பட்டி என்ற நிறம் மாறும் தாள் இருக்கிறது. டின்னுக்குள் ஒரு நாள் போட்டு வைத்தால் நீலம் பச்சையாகி, நிலைமை மோசமென்றால் மஞ்சளாகும். மூன்று சுருளுக்காக அதை இறக்குமதி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இருட்டில் வைத்த கோடாக்குரோம் நிறம் சீக்கிரம் மங்குவதில்லை. மாமாவின் சிவப்புச் சட்டை இன்றைக்கும் சிவப்பாகவே இருக்கிறது, போட்டவர்தான் வெளுத்துவிட்டார்.

எல்லோர் மனசும் பிலிமில், ஆபத்து கசெட்டில்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது. டின்னைத் திறந்த அன்று வீட்டில் எல்லோரும் பிலிமைத்தான் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்தால் குட்டி உருவங்கள் தெரிகின்றன, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அதிசயம் அது. வீஎச்எஸ் கசெட்டை யாரும் தொடவில்லை. கல்யாண வீட்டுக் கசெட் என்ற இளக்காரம். உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

காரணம் எளிது. பிலிமைப் படிக்க வெளிச்சமும் லென்சும் போதும். இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் யாராவது ஒரு கெமராவை வைத்து ஒவ்வொரு சட்டமாக எடுத்துவிடலாம். கசெட்டைப் படிக்க அதற்கென்றே செய்த டெக் வேண்டும், அதைச் செய்வார் இப்போது இல்லை. கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது: 2025க்குள் டிஜிட்டலாக்காத காந்த நாடாக்களில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம் என்று. அந்தக் கெடுவே தாண்டிவிட்டது.

ஆகவே கசெட்டுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, டவுனில் ‘கசெட்டை டீவீடீ ஆக்கித் தரப்படும்’ என்று போர்டு போட்ட கடை. இரண்டு, ஓடும் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து நாமே செய்வது. கடையில் கொடுப்பது சல்லிசு, ஒரு மணி நேர வேலை. ஆனால் டீவீடீ என்பதே கோப்பைச் சிறிதாக்கப் படத்தின் விவரத்தைக் குறைத்து, ஏற்கெனவே நன்றாக நசுக்கிய வடிவம். எத்தனை பேருடைய பூஞ்சணம் பிடித்த கசெட் அந்த டெக்கில் ஏறியிறங்கியது என்றும் தெரியாது. ஒரு கசெட்டின் பூஞ்சணம் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்குப் போகும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். கொட்டகலையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்த டெக் கிடைத்தது.

வீட்டில் செய்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை. போடுவதற்கு முன் கசெட்டின் கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் மாதிரி தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். முதுகில் உள்ள குட்டி பிளாஸ்டிக்கை உடைத்துவிடுங்கள், அப்போதுதான் தப்பித்தவறி மேலே பதியாது. கொம்பியூட்டரோடு இணைக்கும் மலிவான யூஎஸ்பி குச்சி மட்டும் வைத்தால் படம் நடுங்கும், அங்கங்கே சட்டங்கள் விழும். டெக்குக்கும் குச்சிக்கும் நடுவில் பழைய டீவீடீ ரெக்கோர்டர் ஒன்றை வைத்து அதன் வழியாகப் படத்தை அனுப்பினால், சில ரகங்கள் நடுக்கத்தை நன்றாகவே அடக்கிவிடும். எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது. கடைசியாக, சோதித்துப் பார்க்கிறேன் என்று நாலு தரம் ஓட்டாதீர்கள். நாற்பது வருட நாடாவுக்கு முதல் ஓட்டமே நல்ல ஓட்டம். முதல் தடவையே பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓடியோ கசெட்டும் இதே வகைதான். ஒரு நல்ல பிளேயர், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்குரூட்ரைவர், ஒரு பின்னேரம். முடிந்தது.

பிலிமுக்கு நாலு வழி

இனிப் பிலிம். இங்கேதான் காசு விஷயம் வருகிறது.

முதல் வழி, சுவரில் ஓட்டிப் போனில் பிடிப்பது. செலவே இல்லை, வீட்டாரெல்லாம் சேர்ந்து பார்க்கலாம், பரபரப்பாகவும் இருக்கும். இதற்கு ஒரு பழைய தந்திரமும் உண்டு. நம் நாட்டுக் காணொளி முறை விநாடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும் கணக்கில் ஓடுவது. புரொஜெக்டரில் வெளிச்சத்தை மறைத்துத் திறக்கும் ஷட்டருக்கு மூன்று இதழ் இருந்து, வேகத்தை விநாடிக்கு பதினாறே முக்கால் சட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, 16.67இல், வைத்தால் மூன்றால் பெருக்கி 50 வரும், படத்தில் மினுக்கம் அடங்கிவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நாற்பது வருடம் சும்மா கிடந்த புரொஜெக்டரின் ரப்பர் பெல்ட் கித்துல் பாணி மாதிரி உருகியிருக்கும். எங்களுக்குக் கிடைத்ததில் அப்படித்தான் இருந்தது. ஓடும்போது பிலிம் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் அந்தச் சட்டம் கண்ணெதிரே பொசுங்கும். பத்து நிமிடப் பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டேன். நல்ல ஸ்கேன் கையில் இருந்தால், பிறகு ஆசைக்கு ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, இணையத்தில் விற்கும் வீட்டு ஸ்கேனர். பெட்டி மாதிரி இருக்கும், பிலிமை மாட்டினால் ஒவ்வொரு சட்டமாகப் படமெடுத்துக் கோப்பாக்கித் தரும். விநாடிக்கு இரண்டு சட்டம் என்ற வேகத்தில் 3600 சட்டம் கொண்ட ஒரு சுருளுக்கு அரை மணி நேரம். இதில் எனக்கு ரொம்ப நாள் சபலம் இருந்தது. நூறு சுருள் வைத்திருக்கும் குடும்பமென்றால் நானே வாங்கச் சொல்வேன். மூன்று சுருளுக்காக வாங்குவது ஒரு கோப்பைப் பாலுக்கு மாடு வாங்கிக் கட்டுவது மாதிரி. வேறு குறைகளும் இருக்கின்றன. சத்தத்தை அது படிக்காது. கோப்பை நன்றாக நசுக்கித்தான் தரும். பெரும்பாலும் விநாடிக்கு 20 சட்டம் என்று எழுதிவிடும், பிறகு கொம்பியூட்டரில் 18க்கு மாற்றாவிட்டால் மாமா வேகமாகக் குதிப்பார் (அவர் அப்படித்தான் குதித்தார் என்று மாமி சொல்வது வேறு விஷயம்). எல்லாவற்றையும்விட முக்கியம், பிலிமின் துளையில் நகம் மாதிரி ஒன்று மாட்டி இழுத்துத்தான் அது நகர்த்தும். கெடத் தொடங்கிய அசிட்டேட் சுருங்கும். சுருங்கிய பிலிமின் துளை நகத்துக்குப் பொருந்தாது, பிறகு கிழிசல்தான்.

மூன்றாவது, கொழும்பில் கொடுப்பது. பஸ்ஸில் போய்க் கையில் கொடுத்துக் கையில் வாங்கி வரலாம் என்பது பெரிய நிம்மதி. நான் போன ஒரு கடையில் மூன்று சுருளின் முனைகளையும் வெட்டி ஒன்றாக ஒட்டிப் பெரிய சுருளாக்கி, புரொஜெக்டரில் ஓட்டி, கெமராவில் பிடித்து, டீவீடீயில் தருவோம் என்றார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சூப்பர் 8 ஒலிப் பிலிமில் சத்தம் அதற்குரிய படத்துக்கு 18 சட்டம் முன்னால் பதிந்திருக்கும். கண்ட இடத்தில் வெட்டினால் படம் ஓரிடத்திலும் சத்தம் இன்னோரிடத்திலும் அறுபடும். இதை வைத்துக் கொழும்பில் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். யாரிடம் கொடுத்தாலும் முதலில் கேளுங்கள்: ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்வீர்களா, ஓட்டிப் பிடிப்பீர்களா? காந்தப் பட்டையில் உள்ள சத்தத்தை எடுப்பீர்களா? நசுக்காத மூலக் கோப்பைத் தருவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

நாலாவது, கடல் கடந்து அனுப்புவது. சென்னை பக்கம்தான், மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் சினிமாத் தொழிலுக்குப் பழகிய இடங்கள் 16, 35 மில்லிமீட்டர் பிலிமிலேயே புழங்குபவை. 8 மில்லிமீட்டர் பிலிமைப் பிடித்து நிறுத்தும் கேட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சூப்பர் 8 இருந்ததால் அதற்கென்றே ஆய்வகங்கள் இன்றும் பல இருக்கின்றன. நல்ல இடங்களில் உள்ள ஸ்கேனர் துளையைப் பிடித்து இழுக்காமல், மெத்தென்ற உருளைகளில் பிலிமை நகர்த்தும். சுருங்கிய பிலிமும் பிழைக்கும். சத்தத்துக்குத் தனி ஹெட் உண்டு. செலவு, சுருளுக்கு என்று பார்த்தால் இருப்பதிலேயே அதிகம். தொலைந்து போகுமோ என்ற பயமும் கூடவே வரும்.

அந்தப் பயத்தில் ஒரு பாதி வீண். விமான நிலைய எக்ஸ்ரேயில் பிலிம் அழிந்துவிடும் என்று வீட்டில் ஆளுக்காள் சொன்னார்கள். கழுவாத புதுப் பிலிமுக்குத்தான் அந்த ஆபத்து. கழுவி முடிந்த பிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, கசெட்டையும் செய்யாது. மறு பாதி நியாயமானது: பார்சல் தவறலாம். அதற்கு மருந்து, நம்பிக்கையான ஆளின் கைப்பையில் கொடுத்துவிடுவது. லண்டனில் பெறாமகன் இருக்கிறான், வருடத்துக்கொருமுறை வருகிறான். நம் ஊரில் யாருக்குத்தான் அப்படி ஒருவர் இல்லை?

ஆய்வகக்காரர்கள் 4கே என்ற மிக நுணுக்கமான ஸ்கேன் வேண்டுமா என்று கேட்பார்கள். சூப்பர் 8 சட்டம் ஏறக்குறைய 5.8க்கு 4 மில்லிமீட்டர், சின்ன விரல் நகத்தைவிடச் சிறிது. அதில் உள்ளதை எடுக்க அதைவிடக் குறைந்த நுணுக்கமான 2கே போதும், அதற்கு மேல் பிலிமின் மணல்தான் பெரிதாகத் தெரியும். மிச்சப்படும் காசுக்கு நசுக்காத கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சுருளுக்கே பல ஜீபீ வரும். செயற்கை நுண்ணறிவு போட்டு விநாடிக்கு 60 சட்டமாக்கி ‘புதுசு மாதிரி’ செய்து தருகிறோம் என்றால் மட்டும் தலையை ஆட்டிவிடாதீர்கள். இப்படிச் செய்த ஒரு பழைய படத்தைப் பார்த்தேன், ட்ரம்ஸ் குச்சிகள் ரப்பர் மாதிரி வளைந்தன. சுத்தமாக இருப்பதற்காகவா இவர்கள் கத்தினார்கள்?

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. மூன்று சுருளுக்கும் ஒரே வழி என்ற எண்ணத்தை விட்டோம். அச்சாறு மணக்கும் ஒலிச் சுருள் மட்டும் லண்டனுக்கு. இருக்கிற காசு முழுக்க அதற்கு. மற்ற இரண்டும் வாசனையில்லாமல், சுருங்காமல் இருக்கின்றன. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அதே வழியில் போகட்டும். எல்லாவற்றையும் சேர்த்து மலிவாக ஒரே தரத்தில் முடித்துவிடலாம் என்ற யோசனை மாமாவினுடையது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மலிவான ஸ்கேனை இன்னொரு தரம் செய்யலாம், அதில் கிழிந்த பிலிமை என்ன செய்வது?

காத்திருக்கும் சுருள்களை எங்கே வைப்பது

மூடி இறுகிய டின் வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண பொலிபுரொபிலீன் டப்பாவில் ஓரிரண்டு ஓட்டை போட்டால்கூடப் பிஸ்கட் டின்னைவிட நல்லது, அமிலம் வெளியே போகும். அடுப்புப் பரணிலிருந்து இறக்கிப் படுக்கையறை அலுமாரியின் நடுத் தட்டில், சுவரைத் தொடாமல் வைத்தோம். பிரிட்ஜ் இதைவிட நல்லது. இரட்டைப் பையில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, வெளியே எடுத்தால் ஒரு நாள் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி வேர்த்துவிடும். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் அடிக்கடி குளிர்ந்து அடிக்கடி வேர்ப்பதுதான் என் பயம், அதனால் அலுமாரி. பண்டாரவளைப் பக்கம் உறவு இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஹட்டனில் மழை கொட்டும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே காய்ந்த காற்று. டின்னை அந்த மூன்று மாதம் ஊருக்கு அனுப்பலாம். எதைத் திறந்து பார்ப்பதானாலும் நம் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள்.

யார் கையில் கொடுப்பது

கோப்பு வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. யூடியூபில் போடுவது சேமிப்பு ஆகாது, அங்கே இருப்பது நசுக்கிய பிரதி. நூலக நிறுவனத்தின் ஆவணகம், தமிழ் பேசும் சமூகங்களின் ஒலி, ஒளி ஆவணங்களை டிஜிட்டலாகப் பேணும் இடம், மலையகத்துக்கும் அங்கே இடமுண்டு. என் ஓட்டு அதற்கு. கம்பளைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, தொழிலாளர் குடியிருந்த லயக் காம்பிராவையே காட்சியாக வைத்திருப்பவர்கள். டீமேக்கர் ஐயாவின் கெமராவும் மாமாவின் கிட்டாரும் ஒரு நாள் அங்கே போனால் பொருத்தமாக இருக்கும். பிலிமையே கொடுப்பதென்றால் குளிரறை இருக்கிறதா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மானியங்களும் உண்டு. பிரித்தானிய நூலகத்தின் திட்டம் பழங்கால ஆவணங்களைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் யூசிஎல்ஏ நூலகத்தின் திட்டம் இருபதாம் நூற்றாண்டுப் படங்களையும் ஒலிகளையும் ஏற்கும். ஆனால் அது ஒரு பிஸ்கட் டின்னுக்கு வராது. பத்துப் பதினைந்து குடும்பத்து டின்கள் சேர்ந்து ஒரு அமைப்பின் வழியாகப் போனால் வரலாம். அதற்கு முதலில் மற்ற டின்கள் வெளியே வர வேண்டும்.

உரிமை யாருக்கு என்ற சங்கடமும் இருந்தது. படம் பிடித்தவர் டீமேக்கர் ஐயா, அவர் இப்போது இல்லை, மகளிடம் கேட்டோம். “அப்பாவுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும், போடுங்க” என்றார். பேண்டில் தப்பு வாசித்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். போனில் படத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு “அந்தத் தப்பு எங்க?” என்றார். பாடியவர் இப்போது கோயில் கமிட்டியில் பெரிய ஆள். கிழிந்த பனியனோடு தன்னைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பதில் அவருக்கு இஷ்டமில்லை. அவருக்காக ஒரு உடன்பாடு: முழுக் கோப்பும் ஆவணகத்தில் இருக்கும், பொதுவில் இப்போதைக்கு வராது. இதைப் பலவீனம் என்று சொல்வோர் சொல்லட்டும். டெட்ராயிட்டில் டெத் என்ற பேண்டின் மூன்று சகோதரர்கள் 1975இல் பதிந்த நாடா 2009 வரை பரணில் கிடந்துதான் வெளியே வந்தது. நாங்களும் கொஞ்சம் பொறுக்கலாம்.

லண்டனிலிருந்து ஒலிச் சுருளின் கோப்பு இன்னும் வரவில்லை. வீஎச்எஸ் கசெட் மட்டும் முடிந்திருக்கிறது. 1988இல் ஒரு கல்யாண வீட்டில் அவர்கள் கடைசியாக வாசித்தது அது. படம் பச்சையடித்திருக்கிறது, சத்தம் பிய்கிறது, ஆனாலும் இருக்கிறது. ‘அரைப் பேரு’ தொடங்குகிறது, கல்யாண வீட்டுக் கிழவிகள் காதைப் பொத்துகிறார்கள், பாடியவர் மைக்கை விழுங்கப் போவதுபோல் பிடித்துக்கொண்டு இரண்டாவது அடியைக் கத்துகிறார், “அரைப்—” சடக்கென்று ஒரு கோடு விழுந்து, லாகூர் மைதானம். 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார். வீட்டில் யாரோ வெற்றுக் கசெட் கிடைக்காமல் இதை எடுத்துப் பதிந்திருக்கிறார்கள். யாரென்று கேட்டேன், எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கிரிக்கெட்டை வெட்டிவிட்டுப் பாட்டு இருக்கும்வரை மட்டும் வைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வெட்டாத. பாட்டுக்கே அரைப் பேரு போட்டுட்டானுங்க, அதுவும் இருக்கட்டும்.”